விண்கப்பலும் நாலு தேசிக்காயும்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, எந்த அகராதியைப் பார்ப்பது, எந்த மென்பொருளில் எதைத் தட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல நினைப்பது பொறாமையைப் பற்றி. இந்தத் தொழிலில் அது எல்லோருக்கும் உண்டு, ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி நான் சொன்னால் ஆரால் என்ன செய்ய முடியும்?

நான் யப்பானில் படித்து, அங்கே கொஞ்சக் காலம் வேலை செய்து, பிறகு கனடாவுக்கு வந்தவள். முதல் வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கொம்பனியில். யப்பானிலிருந்து வரும் பெரிய ஆட்களுக்கும் இங்கத்தைய ஆட்களுக்கும் நடுவில் இருந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மேலே ஒரு யப்பான்காரி இருந்தா. பெரிய விருந்துகளுக்குப் போகும்போது காரை நிறுத்திவிட்டு, காருக்குள்ளேயே இரண்டு சான்ட்விச்சை விழுங்கிவிட்டுத்தான் உள்ளே வருவா. விருந்தில் நாங்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், சாப்பிட முடியாது. பசியோடு போனால் மற்றவரின் வாயைப் பார்க்கமாட்டாய், தட்டைத்தான் பார்ப்பாய் என்று எனக்குச் சொன்னா.

சாப்பாட்டு விஷயத்தில் நான் அதைக் கடைசிவரை கடைப்பிடித்தேன். ஆனால் புகழ் விஷயத்தில் முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டுப் போக ஒரு வழியும் இல்லை. அதற்குத்தான் இந்தக் கதை.

அந்த வேலை முடிந்த பிறகு, ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் ஒரு ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். தமிழில் தொடர்கதைகளைக் கைபேசியில் வாசிக்கக் கொடுக்கும் செயலி ஒன்றை அங்கே நடத்தினார்கள். முதலாளி சேகரன், என்னைவிட வயதில் குறைந்தவர், என்னைப் பத்மா அக்கா என்பார். அவர் எங்கேயோ தேடிப் பிடித்து, யப்பானில் இணையத்தில் வந்துகொண்டிருந்த ஒரு விண்வெளிக் கதையைத் தமிழில் போட அனுமதி வாங்கியிருந்தார்.

கதை இதுதான். ஒரு குடும்பம் பழைய விண்கப்பல் ஒன்றை வாங்கி, கிரகத்துக்குக் கிரகம் வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில் செய்கிறது. கப்டனுக்குக் கப்பல் கிளம்பினாலே வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். கப்பலின் கணினி அவரை மிகுந்த மரியாதையோடு திட்டும். ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுச் சாமான். அவ்வளவுதான். பேஸ்மென்ற் மாறி பேஸ்மென்ற் குடியிருந்து, சோபாவைப் படியில் இறக்கி இடுப்பு முறிந்த எங்கள் சனத்துக்கு இது பிடிக்காமல் வேறு எது பிடிக்கும்?

எழுதியவர் ஒரு அலுவலக உத்தியோகத்தர். வேலைக்குப் போகும் ரயிலில் இருந்து எழுதுகிறவர். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் போடுவார். அடுத்த வாரம் என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன புத்தகத்தை மொழிபெயர்ப்பது வேறு, ஓடிக்கொண்டிருக்கும் தொடரை மொழிபெயர்ப்பது வேறு.

வேலை இப்படி நடந்தது. யப்பான் மொழி தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதிக் கொடுப்பேன். அதை வாசிக்கிற தமிழாக மாற்றுவது நிரோஷா. அவளுக்கு முப்பது வயது சொச்சம். சின்னப் பிள்ளையாக இங்கே வந்தவள், யப்பான் மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழே பெரிதாக 'தமிழில்: நிரோஷா' என்று வரும். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டுப் பார்த்தால், 'மூல உதவி: பத்மா' என்று இருக்கும். உதவி. பரிமாறுகிறவர்களுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தவள் மாதிரி.

சேகரனிடம் கேட்டேன். "அக்கா, சனம் வாசிக்கிறது நிரோஷான்ரை தமிழைத்தானே," என்றார். எனக்கு வயிறு எரிந்தது. வாசகர்கள் 'நிரோஷா அக்கா, சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது' என்று எழுதுவதை ஒவ்வொரு வாரமும் கடைசிவரை வாசித்தேன். என் பெயரை ஒருவராவது சொல்லியிருக்கிறாரா என்று தேடித்தான் வாசித்தேன்.

இப்போது மூன்றாம் அத்தியாயம். வாங்கிய கப்பல் ஓடத் தொடங்குமுன் அதற்கு ஒரு சடங்கு. யப்பானில் புதுக்கார் வாங்கினாலும் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பூசகர் ஒரு தடியில் வெள்ளைத் தாள் கீற்றுகளைக் கட்டி, காருக்கு முன்னால் அசைத்துத் தீட்டுக் கழிப்பார். கதையில் சந்திரனிலுள்ள துறைமுகத்தில் அது நடக்கிறது. ஒரு கீற்று கழன்று கப்டனின் தோளில் விழுகிறது. அவர் அதைக் கேலி செய்துகொண்டே கப்பலின் உள்கூரையில் ஒட்டிவிடுகிறார். நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

நிரோஷா என்ன செய்தாள்? தாளைத் தூக்கி எறிந்துவிட்டாள். றிச்மண்ட் ஹில் கோயிலிலே நாங்கள் புதுக்காருக்குச் செய்கிற வாகன பூசையைச் சந்திரனுக்கு ஏற்றிவிட்டாள். கப்பலுக்கு நாலு கால், காலுக்குக் கீழே ஒன்றாக நாலு தேசிக்காய், சிலர் எலுமிச்சங்காய் என்பார்கள். ஐயர் வந்து பார்க்கிங் காசு சந்திரனிலும் கூடிப்போச்சு என்று புறுபுறுக்கிறார். கப்டன் பிழையான பிடியை இழுக்க, கப்பல் தடாலென்று இறங்குகிறது. மூன்று தேசிக்காய் நசுங்குகிறது, நாலாவது வழுக்கிக்கொண்டு மேலே பறக்கிறது. சந்திரனில் ஈர்ப்பு குறைவு என்பதால் அது கீழே வர நேரம் எடுக்கிறது. ஐயர் உட்பட எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இது கதையிலை இல்லை, பிள்ளை," என்றேன்.

"தெரியும் அன்ரி. ஆனா அந்தத் தாள் ஆருக்கு விளங்கும்? அதுக்கு நான் அரைப் பக்கம் விளக்கம் எழுதோணும். விளக்கம் எழுதினா ஆர் சிரிப்பினம்?"

"எழுதின ஆள் அந்தத் தாளை ஏன் வைச்சவர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்கும் தெரியாது. சேகரன் அவள் பக்கம் நின்றார். அத்தியாயம் வெளிவந்த வாரம் சனம் தங்கள் கார் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்துப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கியது. நான் அந்த அத்தியாயத்தை வீட்டிலே தனியாக வாசித்தேன், ஐயர் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் சிரித்தும் விட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பல மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை புது அத்தியாயம் யப்பானிலிருந்து வந்தது. எங்கள் வாசகர்களுக்கு அது வெள்ளி பின்னேரம் போக வேண்டும். வாசித்துக்கொண்டு போனேன். கப்பல் நடுவழியில் நிற்கிறது. எங்கேயோ சின்ன ஓட்டை, காற்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கப்டன் நூடில்ஸ் சூப்பைக் கருவிகளுக்குள்ளே மிதக்கவிட்டதால் ஓட்டை எங்கே என்று கணினிக்கும் தெரியவில்லை. கப்பல் முழுக்கப் புதுமணத் தம்பதியின் தளபாடம். எதை விலக்கிப் பார்ப்பது? அப்போது கப்டன் மேலே பார்க்கிறார். கூரையில் ஒட்டிய வெள்ளைத் தாள் கீற்று ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு ஆடுகிறது. அது காட்டிய பக்கத்தில், ஒரு அலுமாரிக்குப் பின்னால், ஓட்டை. தான் கேலி செய்த பொருள் தன்னைக் காப்பாற்றிவிட்டதென்று அந்த மனிசன் முதல்தடவையாகச் சத்தி எடுக்காமல் அழுகிறார்.

எங்கள் கப்பலில் தாள் இல்லை. எப்போதோ நசுங்கிப்போன தேசிக்காய்தான் இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் வந்தது சந்தோசம். உங்களுக்குப் பொய் சொல்லி என்ன பயன்? நான் எழுந்து போய் ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் சேகரனுக்குச் சொன்னேன்.

வெள்ளி காலை மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். நிரோஷாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ரிஷ்யூ பேப்பர்," என்றாள். "கப்டன் ரிஷ்யூவைக் கிழிச்சுப் பிடிக்கட்டும். அது காத்துக்கு ஆடுந்தானே?"

"ஆடும்," என்றேன். "ஓட்டையும் அம்பிடும். ஆனா அவர் ஏன் அழுறார்? ரிஷ்யூவைப் பாத்து ஆரும் அழுவினமோ?"

சேகரன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப ஒண்டுதான் வழி. மூண்டாம் அத்தியாயத்தை மாத்துவம். தேசிக்காயை எடுத்துப்போட்டு, தாளைப் போடுவம். அக்கா, நீங்களே முழுக்கச் செய்யுங்கோ. இனிக் கதையும் உங்கடை பொறுப்பு. பேரும் உங்கடை பேர்தான் மேலை வரும்."

நான் இவ்வளவு காலமும் வேண்டிக்கொண்டிருந்த சொல். அதைக் கேட்க வேண்டிய ஆளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். நிரோஷா தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் மூண்டாம் அத்தியாயத்தை ஒருக்கா வாசிச்சிட்டு வாறன்," என்று சொல்லிவிட்டுக் கீழே கடைக்குப் போய், ஒரு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு மூலையில் இருந்தேன்.

அவளுடைய அத்தியாயத்தை அதற்கு முன்னும் பலமுறை வாசித்திருக்கிறேன், பிழை பிடிக்க. பிள்ளைகளே, ஒருவர் எழுதியதை அவருடைய தாய்கூடப் பொறாமைக்காரி வாசிக்கிற அளவுக்குக் கவனமாக வாசிக்கமாட்டா. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பாடம். அந்தப் பூசையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. ஐயர் தாளில் சுற்றிக் கொடுத்த திருநீற்றுச் சரையைக் கப்டன் பூசாமல், தன் இருக்கைக்குப் பக்கத்துத் தட்டில் பழைய பற்றுச்சீட்டுகளோடு திணித்து வைக்கிறார். ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் எந்தக் காரைத் திறந்தாலும் அப்படி ஒரு சரை கிடக்கும். நிரோஷா சும்மா போகிற போக்கில் எழுதிய வரி. எழுதியதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஈர்ப்பில்லாத கப்பலில் திருநீற்றைத் தூவினால் அது எங்கே போகும்? காற்று போகிற பக்கம் போகும். தாளைவிட வடிவாகக் காட்டும். தாள் பக்கத்தை மட்டும்தான் காட்டும். திருநீறு அலுமாரிக்குப் பின்னால் வரை போய்க் காட்டும்.

ரோல்ஸ் கையில் ஆறிப்போனது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை எனக்கு, பெயரும் எனக்கு. ஒருவருக்கும் தெரியவராது. நான் ஏன் மேலே ஏறிப் போய்ச் சொன்னேன் என்பதை நல்ல மனம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சனம் தேசிக்காய் எங்கே, தேசிக்காய் எங்கே என்று கேட்கும். பழையதுதான் திறம் என்று எழுதும். என் பெயர் மேலே வந்த முதல் நாளே, அதற்குக் கீழே எல்லாரும் நிரோஷாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

மேலே போய், "திருநீறு," என்றேன். வரியைக் காட்டினேன்.

நிரோஷா வாசித்தாள். திருப்பியும் வாசித்தாள். "இதை நானோ எழுதினன்?" என்றாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்து நான் மூலத்தைச் சொல்லச் சொல்ல அவள் கணினியில் அடித்தாள். கப்டன் சரையைப் பிரிக்கும்போது தும்மல் வந்து எல்லாம் அவருடைய முகத்திலேயே அப்பிக்கொள்கிறது என்று அவளாகவே ஒன்று சேர்த்தாள். முதல்முறையாகத் திருநீறு பூசிய கோலத்தில் அவர் அழுகிறார். அது மூலத்தைவிட நன்றாக இருந்தது. சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

சனம் துள்ளியது. ஒரு வாசகர், 'நிரோஷா அக்கா, மூன்றாம் அத்தியாயத்திலேயே இதுக்குத் திட்டம் போட்டுத்தான் திருநீற்றை வைச்சனீங்களோ?' என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே அவள் ஒரு கண்ணடிக்கிற முகத்தைப் போட்டிருந்தாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெயர் அதே இடத்தில் பெரிதாக இருந்தது. நான் கீழே உதவியாக இருந்தேன். அந்தக் கிழமை முழுக்க அவளோடு நான் வேலைக்குத் தேவையான பேச்சு மட்டும்தான் பேசினேன்.

பிறகு யப்பானிலிருந்து சேகரனுக்குத் தகவல் வந்தது. கதை எழுதியவர் எங்கள் தமிழைக் கணினியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார். தாளைக் காணவில்லை, ஏதோ வெள்ளைத் தூள் பறக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். வீடியோவில் பேச வேண்டும் என்றார். அனுமதியைத் திருப்பி எடுத்தால் செயலியே படுத்துவிடும், அந்த ஒரு கதையை வைத்துத்தான் அது ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்குப் பின்னேரம், அவருக்கு விடிய. கழுத்துப்பட்டி கட்டி, ரயில் நிலையத்தில் நிறுத்திய காருக்குள் இருந்து பேசினார். நாங்கள் மூவரும் ஒரே திரைக்கு முன்னால் நெருங்கி இருந்தோம். நடுவில் நிரோஷா, நல்ல சேலையோடு.

அவர் முதலில் கேட்டது, தாளை எடுத்தது யார் என்று. கேட்டதை அப்படியே தமிழில் சொன்னேன். சேகரன் தொண்டையைச் செருமினார். "நான்தான் எண்டு சொல்லுங்கோ அன்ரி," என்றாள் நிரோஷா. "எங்கடை சனத்துக்கு விளங்காது எண்டு எடுத்தனான். மன்னிக்கச் சொல்லுங்கோ." ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பிறகு வாகன பூசை என்றால் என்ன, தேசிக்காய் ஏன், திருநீறு எங்கேயிருந்து வந்தது என்றெல்லாம் நான் விளக்க வேண்டியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சேகரன் மேசைக்குக் கீழே காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கண்ணைத் திறந்து கேட்டார்: "அந்தத் திருநீறு அங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தது யார்?"

மற்றவர்கள் சொல்வதைப் பெயர்த்துச் சொல்வதுதான் என் வேலை. இவ்வளவு வருடத்தில் ஒரு கேள்விக்கு என் சொந்த வாயால் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

"நான்," என்றேன்.

அவர் சீற்பெல்ற்றைக் கழற்றினார். கார்க் கதவைத் திறந்து வெளியே இறங்கி, கைபேசியைக் காரின் மேலே வைத்துவிட்டு, நேராக நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. தொடரலாம், தேசிக்காயும் இருக்கட்டும் என்றார்.

"என்னவாம்?" சேகரன் என்னைப் பிடித்து உலுப்பினார்.

"தொடரட்டாம். தேசிக்காயும் இருக்கட்டாம்."

சேகரன் கதிரையில் சரிந்துவிட்டார். நிரோஷா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவர் ஏன் அன்ரி இறங்கிக் கும்பிட்டவர்?"

"திருநீற்றைக் கண்டுபிடிச்சது ஆர் எண்டு கேட்டவர். நான் எண்டு சொன்னன்."

அவளுடைய முகத்தில் ஒன்று வந்து போனது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. நான் அதை என் முகத்திலிருந்து கழுவித் துடைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவேன்.

"என்னைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டவர்தானே. தாளை எடுத்தது ஆர் எண்டு."

உண்மையைத்தான் சொன்னேன். வீடு வரும் வரை எனக்கு நல்ல சந்தோசமாக இருந்தது.

அந்தத் தொடர் முடிந்தபோது நானும் விலகிக்கொண்டேன். என் பெயர் கடைசி வரை கீழேதான் இருந்தது. நீங்கள் என்னிடம் பாடம் கேட்டு வந்தவர்கள் என்பதால் இரண்டு சொல்கிறேன். ஓடுகிற கதையில் ஏன் இருக்கிறதென்று தெரியாத பொருளை எடுத்து எறியாதீர்கள். எறிந்தால், அந்த இடத்தில் உங்கள் சொந்த வீட்டுப் பொருளையே வையுங்கள், கடையில் வாங்கியதை வைக்காதீர்கள். மற்றது, உங்களுக்கு யாரைக் கண்டால் எரிகிறதோ, அவருடைய எழுத்தைத் தினமும் வாசியுங்கள். அன்பாக வாசிக்கிறவர்கள் பாதியைத் தவறவிட்டுவிடுவார்கள்.

போன பனிக்காலம் பஸ்ஸில் நிரோஷாவைக் கண்டேன். மடியில் யப்பான் மொழிப் பாடப்புத்தகம். ஒரு வருடமாகப் படிக்கிறாளாம், அடுத்த கதையைத் தானே நேராக மூலத்திலிருந்து செய்யப்போகிறாளாம். நான் கேட்காமலே ஒரு பந்தி வாசித்துக் காட்டினாள். உச்சரிப்புச் சுத்தமாக இருந்தது, எனக்கு ஒரு வருடத்தில் அப்படி வந்ததில்லை.

"ஆர் பிள்ளை படிப்பிக்கிறது?"

"ஒரு ரீச்சர் அன்ரி. சரியான நல்லவ. என்ன வடிவாச் சொல்லித் தாறா தெரியுமோ?"

ஒரே நகரத்தில் இருக்கிறேன். என்னுடைய கைபேசி எண் அவளிடம் இருக்கிறது. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்த ரீச்சரை நான் கண்டதும் இல்லை, பெயரும் தெரியாது. இறங்க வேண்டிய இடம் வரும் வரை அவவை நினைத்து எனக்கு எரிந்துகொண்டே இருந்தது.